கோயில் கூட்டு வழிபாட்டுக்கு ஒரு திருமுறைப் புத்தகம்: சீர் பிரிப்பதா, சந்தி பிரிப்பதா?

செந்தூல் தேவார வகுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். கோலாலம்பூர், செந்தூல் பக்கத்தில் ஒரு கோயிலில் ஞாயிறுதோறும் தேவார வகுப்பு நடத்துகிறோம். இதுவரை எல்லாமே போட்டோஸ்டேட் தாள்தான். பிரதோஷத்துக்கு ஒரு தாள், மார்கழிக்கு ஒரு தாள், நவராத்திரிக்கு இன்னொன்று. ஒவ்வொன்றையும் யாரோ எப்போதோ தட்டச்சு செய்தது. ஒரே பாட்டு மூன்று தாளில் மூன்று விதமாக இருக்கிறது. பெரியவர்கள் ஒரு மாதிரி பாட, பிள்ளைகள் தாளைப் பார்த்து வேறு மாதிரி பாடுகிறார்கள்.

இந்த வருடம் ஓர் உபயகாரர் அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டார். அதனால் ஒழுங்கான ஒரு புத்தகமாகவே போட்டுவிடலாம் என்று குழுவாக உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே வரப்போவது: விநாயகர் பாடல்கள், பஞ்சபுராணம் பல தொகுதிகளாக, சிவபுராணம், திருவெம்பாவை, திருப்பள்ளியெழுச்சி, திருநீற்றுப் பதிகம், கோளறு பதிகம், நமச்சிவாயப் பதிகம், திருப்புகழில் சில, அபிராமி அந்தாதியில் சில, கடைசியில் வாழ்த்து.

எங்களுக்குள் முடிவுக்கு வராதவை: எந்த வரிசையில் அடுக்குவது, பாடலை எந்த வடிவில் அச்சிடுவது, தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது. இதையெல்லாம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பண்ணிசை:

நல்ல காரியம் அம்மா. வரிசையைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

தேவாரத்தைப் பண்முறையாகவும், அதாவது பழைய இசைப் பண் வாரியாகவும் அடுக்குவார்கள், தலமுறையாகவும், அதாவது கோயில் வாரியாகவும் அடுக்குவார்கள். படிப்பவருக்கும் ஆராய்பவருக்கும் இரண்டும் நல்லது. ஆனால் நம் நாட்டில் பாடல் பெற்ற தலம் இல்லை. முக்கால்வாசி மாரியம்மன் கோயில், முருகன் கோயில். தலமுறை நமக்கு உதவாது. பண்முறையில் போட்டால், தீபாராதனை முடிந்து “பஞ்சபுராணம் பாடுங்கள்” என்று குருக்கள் சொல்லும்போது புத்தகத்தின் ஐந்து மூலைகளில் ஐந்து பாட்டைத் தேட வேண்டிவரும்.

ஆகவே வழிபாட்டு வரிசையிலேயே அடுக்குங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்தும் அடுத்தடுத்து, ஒரே விரிப்பில், இடப்பக்கமும் வலப்பக்கமுமாக முடிய வேண்டும். நடுவில் தாள் புரட்டக் கூடாது. இப்படி ஒரு தொகுதி, அடுத்த விரிப்பில் அடுத்த தொகுதி. திருமணம், இறுதிச் சடங்கு, மார்கழி எல்லாம் தனிப் பகுதி.

பண்ணை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பதிகத்தின் தலையிலும் பண்ணின் பெயர், இன்று பாடுகிற இராகம், தாளம் மூன்றும் வரட்டும். கொல்லிக்கு நவரோஜ், தக்கேசிக்குக் காம்போதி, கௌசிகத்துக்குப் பைரவி என்று. காலைக்குப் புறநீர்மை, இரவுக்கு மேகராகக்குறிஞ்சி என்று பொழுது பார்த்துப் பாடுகிற மரபும் இருக்கிறது. தொகுதி கட்டும்போதே காலைப் பூசைக்கு ஒன்று, அர்த்தசாமத்துக்கு ஒன்று என்று பொருத்திவிட்டால் பாடுகிறவர் யோசிக்கவே வேண்டாம். சுரக்குறிப்பு வேண்டாம் என்பது என் எண்ணம். அது வகுப்பில் வாய்வழியாக வரவேண்டியது.

வரிவடிவம்:

அக்கா, பாடங்களை மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 1998-இலிருந்து தன்னார்வலர்கள் ஏற்றி வைத்தது. தட்டச்சு வேலை பெருமளவு மிச்சம். ஆனால் மூல வடிவில் போட்டால் பிள்ளைகளுக்குப் படிக்கவே வராது. சந்தி பிரித்து, சொல் சொல்லாகத் தனித்து நிற்கும் வடிவத்தையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவோம்.

பண்ணிசை:

தம்பி, அங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். புத்தகம் பாடுவதற்கா, பொருள் படிப்பதற்கா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே வரி உதவாது.

முதல் திருமுறையின் முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். நட்டபாடைப் பண். பதிப்புகளில் சீர் பிரித்து, அதாவது சொல்லைப் பார்க்காமல் ஓசை அளவு பார்த்துத் துண்டாக்கி, இப்படி இருக்கும்:

தோடுடையசெவி யன்விடையேறியோர் தூவெண்மதிசூடிக்
காடுடையசுட லைப்பொடிபூசியென் னுள்ளங்கவர்கள்வன்

சந்தி பிரித்தால் இப்படி ஆகும்:

தோடு உடைய செவியன் விடை ஏறி ஓர் தூ வெண் மதி சூடிக்
காடு உடைய சுடலைப் பொடி பூசி என் உள்ளம் கவர் கள்வன்

பொருள் பளிச்சென்று தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓசை போய்விட்டது. “தோடுடைய” என்பதில் இல்லாத ஓர் உகரம் “தோடு உடைய” என்பதில் நுழைந்துவிட்டது. “பூசியென்” என்று வழுக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் “பூசி, என்” என்று தொண்டை ஒரு முறை அடைத்துத் திறக்கிறது. “னுள்ளங்” என்பதில் இருந்த அழுத்தம் காணாமல் போகிறது. தாளம் போட்டுப் பாருங்கள், கை தட்டும் இடமும் வாயும் ஒத்துவராது.

அப்பருடைய “மாசில் வீணையும்” எல்லோருக்கும் தெரியும். அதன் இரண்டாம் அடியில் “வீங்கிள வேனிலும்” என்று வருகிறது. அதை “வீங்கு இளவேனிலும்” என்று அச்சிட்டால் திருக்குறுந்தொகை என்ற அந்தப் பாட்டு வகையின் நாலு சீரில் ஒரு சீர் நீண்டு நொண்டும். கேட்டுப் பழகியவர் மனத்துக்குள் சரிசெய்து பாடிவிடுவார். புதிதாகப் படிக்கிற பிள்ளை அச்சில் இருப்பதைத்தான் பாடும். பாடவும் வேண்டும், அதுதானே நியாயம்.

தண்ணீர்மலை:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஐயா சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் நான் பிள்ளைகள் பக்கம் நின்று பேசுகிறேன்.

“யன்விடையேறியோர்” என்று ஒரு துண்டு பக்கத்தில் இருந்தால் பத்து வயதுப் பிள்ளை மிரண்டுவிடும். “லைப்பொடி” என்று ஒரு சொல்லைத் தமிழில் அது பார்த்ததே இல்லை. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த அடிக்குப் போயிருப்பார்கள். அப்புறம் அது வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கும். சொல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் பாடுகிற பிள்ளைக்குப் பாட்டு எப்படி மனத்தில் தங்கும்? திருமுறை ஓதும் விழாப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது நான் எப்போதும் பிரித்துத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

பண்ணிசை:

டீச்சர், போட்டிக்கு நீங்கள் பக்கத்திலேயே நின்று பாடிக் காட்டுகிறீர்கள். பிரித்த தாள் செய்யும் குறையை உங்கள் குரல் நிரப்பிவிடுகிறது. கோயிலில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நிற்கிறவருக்கு அந்தத் துணை இல்லை.

செந்தூல் தேவார வகுப்பு:

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் வகுப்பிலேயே சோதித்தோம். இந்தப் பதிகம் தெரியாத பிள்ளைகளிடம் இரண்டு வடிவத்தையும் கொடுத்துப் பாடச் சொன்னோம். பிரித்த தாளில் சரளமாகப் படித்தார்கள், ஆனால் தாளத்தில் நிற்கவில்லை. ஐயா சொன்ன அதே உகரத்தில்தான் தடுமாறினார்கள். சீர் பிரித்த தாளில், படிக்க முடிந்தவர்கள் தாளத்தோடு போனார்கள். படிக்க முடியாதவர்கள் டீச்சர் சொன்ன மாதிரியே வாயடைத்துப் போனார்கள்.

அதனால் குழுவில் ஒரு நடுவழி பேசினோம். ஓசையில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை: உகரம் சேர்க்கக் கூடாது, இடையில் வரும் யகர வகரத்தை எடுக்கக் கூடாது, மெல்லின மாற்றமும் அப்படியே. ஆனால் சொல் முடிகிற இடத்தில் சின்ன இடைவெளி விடலாம். சீர் முடிகிற இடத்தில் பெரிய இடைவெளி. ஒரு சொல்லின் நடுவில் சீர் முறிந்தால் அங்கே மட்டும் ஒரு நடுப்புள்ளி:

தோடுடைய செவி·யன் விடை யேறி யோர்   தூவெண் மதி சூடிக்
காடுடைய சுட·லைப் பொடி பூசி யென்·னுள்ளங் கவர் கள்வன்

ஐயா, டீச்சர், இது சரிப்படுமா?

பண்ணிசை:

சரிப்படும். ஓசை முழுக்க இருக்கிறது. “யென்” என்று சொல் தொடங்குவது இலக்கணப்படி கண்ணை உறுத்தும், ஆனால் பாடுகிற வாய்க்கு அதுதான் உண்மை. பழைய பதிப்பாளர் பலரும் இப்படி அச்சிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்மலை:

எனக்கும் சம்மதம். ஒன்று மட்டும் கேட்பேன். பதிகத்தின் முதல் பாட்டுக்காவது கீழே சிறிய எழுத்தில் முழுசாகச் சந்தி பிரித்த வடிவமும் ஒரு வரிப் பொருளும் வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் போட்டால் புத்தகம் இரண்டு மடங்காகிவிடும், தெரியும். முதல் பாட்டில் பழகினால் மற்றதைப் பிள்ளைகள் தாங்களே பிரித்துக்கொள்வார்கள்.

வரிவடிவம்:

அப்படியென்றால் வேலை செய்யும் முறையை நான் சொல்கிறேன். அக்காவும் ஐயாவும் ஒப்புக்கொண்ட விதியை அச்சுப் பக்கத்தில் கையால் திருத்திக்கொண்டிருந்தால் முடியவே முடியாது. மூலம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு கூகள் விரிதாள். ஒரு வரிசைக்கு ஒரு பாட்டு. முதல் நெடுவரிசையில் திருமுறை, பதிகம், பாடல் எண்: தோடுடைய செவியனுக்கு 1.1.1, மாசில் வீணையும் என்றால் 5.90.1. இந்த எண் இருந்தால் யார் எந்தப் பதிப்போடு ஒப்பிட்டாலும் குழப்பம் வராது. பாடலுக்குள் சீர் எல்லைக்கு ஒரு செங்குத்துக் கோடு மட்டும் இடுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் பெரிய இடைவெளி, இல்லையென்றால் நடுப்புள்ளி என்று கணினி நிரலே பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து சீலாடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருள் வழியாகப் பக்கம் உருவாகும். யாராவது ஒரு பிழை கண்டால் விரிதாளில் மட்டும்தான் திருத்த வேண்டும், பிடிஎஃப் கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. “இறுதி”, “இறுதி புதியது”, “இறுதி உண்மையானது” என்று கோப்புகள் வாட்சப்பில் சுற்ற ஆரம்பித்தால் எது சரி என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

பழைய தாள்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிறகு இரண்டு இடத்தை உற்றுப் பாருங்கள். ஒன்று, ஔகாரம். “கௌசிகம்” என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் வேறெங்கோ போய் உட்காரும். நம் புத்தகத்தில் கௌசிகம், கொல்லிக்கௌவாணம் என்று பண் பெயரிலேயே வருவதால் பண் அட்டவணையே கெட்டுவிடும். இன்னொன்று, துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம். சில எழுத்துருவில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. உயிர்மெய்யெழுத்துக்குப் பின் ரகரம் வரும் இடங்களை நிரலால் பட்டியல் எடுத்துத் தருகிறேன், ஐயா ஒருமுறை பார்த்தால் போதும்.

இன்னொரு விதி: எந்தப் பாட்டின் நாலடியும் இரண்டு பக்கத்தில் பிளக்கக் கூடாது. நீண்ட அடிகளை மென்பொருள் தன் விருப்பத்துக்கு மடக்கவும் கூடாது. ஆறாம் திருமுறைத் தாண்டகத்தில் ஓர் அடிக்கு எட்டுச் சீர். ஏ5 அளவில் 14 புள்ளி எழுத்தில் ஒரே வரியில் நிற்காது. நாலு சீரில் மடக்கி, மீதி நாலைக் கொஞ்சம் உள்தள்ளி அடுத்த வரியில் போடுவோம். எல்லாத் தாண்டகத்துக்கும் ஒரே இடத்தில் மடக்கினால் கண் பழகிவிடும், மூச்சும் அங்கேயே விழும்.

அச்சுக்கூடம்:

தம்பி சொன்னதெல்லாம் நல்லது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். அதை முதலில் பாருங்கள்.

கட்டுமானம் பற்றிச் சொல்கிறேன். பசை போட்டு ஒட்டிய புத்தகம் கோயிலுக்கு ஆகாது. கைகூப்பி நிற்கிறவர் புத்தகத்தை ஒரு கையில் விரித்துப் பிடிப்பார், அல்லது தரையில் வைத்துப் பாடுவார். ஒட்டுக் கட்டு தானே மூடிக்கொள்ளும், அழுத்தினால் முதுகு உடையும், கொஞ்ச நாளில் தாள் உதிரும். 16 பக்க மடிப்புகளாக நூலால் தைத்துக் கட்டச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனால் படுத்து விரியும். பளபளப்புத் தாள் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசும். 80 கிராம் வெளிர்மஞ்சள் தாள் போதும். அட்டைக்கு மேட் லேமினேஷன் போட்டால் எண்ணெயும் விபூதியும் துடைக்க வரும்.

மொத்தப் பக்கம் 16-இன் மடங்காக முடியட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:

எனக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. தயவுசெய்து எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். பதிகத் தலைப்பைச் சிவப்பில் போடும் ஆசை வேண்டாம், கருவறைப் பக்கத்து மங்கலில் சிவப்பெழுத்து எனக்குத் தெரிவதே இல்லை. பாட்டு எண்ணைத் தமிழ் எண்ணில் போடாதீர்கள். அழகுதான், ஆனால் மைக்கில் “முப்பத்தேழு” என்று சொல்லும்போது நான் அதை உடனே கண்டுபிடிக்க வேண்டும்.

செந்தூல் தேவார வகுப்பு:

ஐயா, குறித்துக்கொண்டேன். தலைப்பும் கறுப்பு, தடித்த எழுத்து. மைக்கில் பக்க எண்ணா பாடல் எண்ணா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. பாடல் எண்ணையே சொல்வோம். மறுபதிப்பில் பக்கம் மாறும், பாடல் எண் மாறாது. புதுப் பாடல் சேர்த்தால் கடைசி எண்ணுக்குப் பின்னால்தான் சேரும்.

இப்போது ரோமன் எழுத்து விஷயம். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெற்றோர் ரோமன் எழுத்தில் கேட்கிறார்கள். குழுவில் இரண்டு பேர் கடுமையாக எதிர்க்கிறார்கள். கொடுத்துவிட்டால் தமிழ் எழுத்தைக் கற்கவே மாட்டார்கள் என்கிறார்கள்.

தண்ணீர்மலை:

அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் எழுத்துத் தெரியாது என்பதற்காக ஒரு பிள்ளையை வழிபாட்டில் ஊமையாக நிறுத்துவது இன்னும் வருத்தம். கொடுங்கள், ஆனால் அதே பக்கத்தில் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்தால் கண் அங்கேதான் போகும், தமிழ் தெரிந்த பிள்ளைக்கும். தனிப் புத்தகமாக, அதே பாடல் எண், அதே வரி முறிவோடு போடுங்கள். வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழ் எழுத்தையே கற்றுக் கொடுத்துவிடலாம், பாட்டுத்தான் ஏற்கெனவே தெரியுமே.

எழுத்துப்பெயர்ப்பில் நம் ஊருக்கென்று ஒரு கவனம் வேண்டும். அறிஞர்கள் பயன்படுத்தும் முறையில் சகரத்துக்கு ஆங்கிலச் “சி” எழுத்து. மலாய் படித்த பிள்ளை அதைப் பார்த்தால் “ச்ச” என்று அழுத்தித்தான் சொல்லும். “பச்சை” என்பதற்குப் பொருந்தும், “சிவன்” என்பது கெட்டுவிடும். ககரமும் அப்படியே. எல்லா இடத்திலும் “கே” எழுத்துப் போட்டால் “மகன்” என்பதை “மக்கன்” போலச் சொல்வார்கள். ஒலிக்கிறபடி எழுதுங்கள். மலாயில் “ஈ” (e) எழுத்துக்கு இரண்டு ஒலி இருப்பதால் எகர ஏகாரமும் குழம்பும், நெடிலுக்கு மேல்கோடு கட்டாயம். ல, ள, ழ மூன்றையும் மட்டும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

வரிவடிவம்:

டீச்சர், ஒலிக்கிறபடி மாற்றுவதை விதிகளாக எழுதிக் கொடுத்தால் விரிதாளிலிருந்தே ரோமன் புத்தகமும் தானாக வந்துவிடும். மூலத்தில் ஓசை மாறாத வடிவத்தை வைத்திருப்பதால்தான் இது முடியும். பிரித்த வடிவத்திலிருந்து பாடும் ஒலியை மீட்க முடியாது.

அச்சுக்கூடம்:

பொருளுரை எடுக்கும்போது கவனம். திருமுறைக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டு உரைகள் பலவற்றுக்கு இன்னும் உண்டு. நம் நாட்டின் 1987 காப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 50 ஆண்டு வரை. டீச்சரே ஒரு வரிப் பொருள் எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை. ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தேசிய நூலகத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

பண்ணிசை:

பிழைதிருத்தம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். இந்தப் புத்தகத்தைக் கண்ணால் திருத்தக் கூடாது, பாடித்தான் திருத்த வேண்டும்.

அதிலும் பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவர் பாடக் கூடாது. என்னிடம் கொடுத்தால், “வாஅழ்க” என்பதில் அளபெடை, அதாவது ஓசையை நீட்டும் அந்த “அ”, விழுந்து “வாழ்க” என்று இருந்தாலும் நான் என் பாட்டுக்குச் சரியாகப் பாடிவிட்டுப் போய்விடுவேன். பிழை அச்சில் அப்படியே நிற்கும். சிவபுராணத்தின் முதல் வரியிலேயே இப்படி எத்தனை வெளியீடுகளில் பார்க்கிறோம்! அந்தப் பாட்டு தெரியாதவர் ஒருவர் அச்சுப் பக்கத்தைப் பார்த்துப் பாட வேண்டும். தெரிந்தவர் நல்ல பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பாடுகிறவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. ஏன் தயங்கினீர்கள் என்று அவரைக் கேட்க வேண்டாம். பக்கத்தைப் பாருங்கள்: எழுத்துப் பிழையாக இருக்கும், இடைவெளி தவறாக இருக்கும், அல்லது மடக்கிய இடம் மூச்சுக்கு ஒத்துவராமல் இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு பேர் தயங்கினால் அந்தப் பக்கத்தை மாற்றியே ஆக வேண்டும்.

வகுப்புப் பிள்ளைகளே இதற்குத் தகுந்தவர்கள். அவர்களைவிட நேர்மையான மெய்ப்புப் பார்ப்பவர் கிடைக்க மாட்டார்கள்.

செந்தூல் தேவார வகுப்பு:

ஐயா, அடுத்த ஞாயிறு முதல் அப்படியே செய்கிறோம். தயங்கிய இடங்களுக்கு விரிதாளில் தனி நெடுவரிசை திறக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம். சிவபுராணம் 95 அடி. ஒரு பக்கத்துக்கு இருபதை ஒட்டித்தான் கொள்கிறது. எங்கே பக்கம் மாற்றுவது? இறுதிச் சடங்கில் அழுகையோடு பாடுகிற இடத்தில் தாள் புரட்டத் தடுமாறக் கூடாது.

பண்ணிசை:

முதல் அடியை இடப்பக்கத்தில் தொடங்குங்கள். வாழ்க ஐந்து, வெல்க ஐந்து, போற்றி ஆறு, ஆகப் பதினாறு அடியோடு அந்தப் பக்கத்தை நிறுத்துங்கள். இடம் மிஞ்சினாலும் பரவாயில்லை. பதினேழாம் அடி “சிவனவன்என் சிந்தையுள்” வலப்பக்கத்தில் தொடங்கட்டும். “எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்” 31-ஆவது அடி, அங்கே வலப்பக்கம் முடியும். எல்லோரும் அந்த அடிக்குப் பின் மூச்சு எடுப்பார்கள். தாளை அப்போது புரட்டட்டும். “மெய்யேஉன் பொன்னடிகள்” புதுப் பக்கத்தின் தலையில் வரும்.

வரிவடிவம்:

16, 31 இரண்டிலும் பக்க முறிவு போட்டுவிட்டேன். மீதி 64 அடிக்கும் ஐயா இடம் குறித்துக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடிப் பார்க்கும் பிரதி தயாராகிவிடும்.